விருந்தாளிக்காகப் பெருக்கிய ஆறு

ஹமீதா பானுவிடம் ஒரே ஒரு குறை. யாராவது வருகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், விளக்குமாறு கைக்கு வந்துவிடும். கரண்ட் ரீடிங் எடுக்க வருகிற ஆளுக்காக மீட்டர் பெட்டியைத் துடைத்து வைக்கிற புண்ணியவதி அவள்.

கூத்தாநல்லூரில் வெண்ணாற்றங்கரைத் தெருவில் வீடு. கணவர் நெய்னா முகம்மது மலேசியாவிலிருந்து அனுப்பிய பணத்தில் பளிங்குத் தரையெல்லாம் போட்டாயிற்று. ஐப்பசி மழை பிடித்தால் போச்சு. சாக்கடை ஆற்றில் விழுகிற வாயைக் குப்பை அடைத்துக்கொள்ள, தண்ணீர் உரிமையோடு அடுப்படிவரை வரும். தெருவுக்குக் குப்பை வண்டி கிடையாது. எல்லோரும் ஆற்றில்தான் கொட்டினார்கள்; ஹமீதாவும்தான்.

அந்த வருஷம் வைகாசியில், ஆற்றில் தண்ணீர் வராத சமயம், சென்னைக் கம்பெனி ஒன்று ஆற்றைச் சுத்தம் செய்ய முன்வந்தது. ஊர்க்காரர்களோடு சேர்ந்து ஒருநாள் குப்பை அள்ளுவார்கள். எடை போட்டுப் படம் எடுத்துத் தலைமை ஆபீசுக்கு அனுப்பினால், தெருவுக்குக் குப்பை அள்ள ஒரு பேட்டரி வண்டியும் இரண்டு ஆட்களும் கிடைக்கும். ஹமீதாவுக்கு அந்த வண்டி வந்தே ஆகவேண்டும்.

முந்தின நாள் காலையில் ஆற்றைப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை.

"அவ்வளவு தூரத்துலேர்ந்து வர்றவங்க கண்ணுல இந்த அசிங்கமா படணும்? மானம் போயிடும் ஷம்சாத்" என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கிளப்பினாள். தெருவே ஆற்றில் இறங்கியது. சாயங்காலத்துக்குள் பாலிதீன் பை, பழைய மெத்தை, உடைந்த வாஷ்பேசின் எல்லாம் வீரையனுடைய மினி லாரியில் ஏறிவிட்டன.

மறுநாள் கம்பெனி பஸ்ஸிலிருந்து நாற்பது பேர் கையுறையும் தொப்பியுமாக இறங்கினார்கள். ஆறு வெறும் மணலாகப் பளிச்சென்று கிடந்தது. கம்பெனியின் பொறுப்பாளர் வானதிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"குப்பை எங்கங்க?"

"நேத்தே எடுத்துட்டோம்" என்றாள் ஹமீதா, பெருமை தாங்காமல். "டீ குடிங்க."

"ஐயோ அம்மா, குப்பை இல்லேன்னா திட்டமே இல்லைங்க. வண்டி வேற ஊருக்குப் போயிடும்."

வீரையன் காதைச் சொறிந்தார். "லோடு இன்னும் இறக்கலைங்க. அப்படியே திருப்பிக் கொட்டிடவா?"

வானதியோடு வந்த மேனேஜர் தலையை ஆட்டித் தொலைத்தார். பாதி கொட்டினால் போதும் என்றார்.

ஹமீதாவுக்கு முதுகு இன்னும் கடுத்துக்கொண்டிருந்தது. வண்டி வேண்டும்தான். அதற்காக அந்த மெத்தையை மறுபடியும் ஆற்றில் பார்க்கவா? லாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"இந்தா பாருங்கம்மா, நீங்க ஏன் சிரமப்படுறீங்க? வண்டியைக் குடுக்காம அடுத்த வாரம் வந்து பாருங்க. இதைவிட ஜாஸ்தியா நாங்களே கொட்டி வச்சிருப்போம். மொத ஆளு நான்தான். எழுதிக்கோங்க."

வானதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லாரியை அப்படியே எடை மேடைக்கு அனுப்பினாள். நாற்பது பேரும் அதைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், கையுறையில் ஒரு தூசி இல்லாமல்.

மழைக்கு முன்பே வண்டி வந்துவிட்டது. அறிக்கையில், திட்டம் ஏன் தேவை என்ற இடத்தில் வானதி எழுதியிருந்தாள்: "வண்டி தராவிட்டால் ஆற்றில் மீண்டும் குப்பை கொட்டப்படும். திருமதி ஹமீதா பானு உறுதி அளித்திருக்கிறார்."