செத்தல் மிளகாய்க் கொண்டை

சாக்குத் துணியில் ஒரு சேவல். உடம்பெல்லாம் கறுவாப்பட்டைச் சீவல், கழுத்துக்கு ஏலக்காய்த் தோல், கண்ணுக்கு ஒரு மிளகு, கொண்டைக்குச் சாதிக்காயைச் சுற்றியிருக்கும் சிவந்த வசுவாசி. எண்பதுகளின் தொடக்கத்தில், மாத்தளைப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் சித்திர ஆசிரியராக இருந்தபோது நான் செய்தது. வர்ணம் கேட்டால் பள்ளிக்கூட அதிபர் கரும்பலகையில் எழுதும் வெண்கட்டியைக் காட்டுவார். அந்தக் கோபத்தில்தான் எனக்குக் கண் திறந்தது. பக்கத்து ஊரான இரத்தோட்டையில் வாசனைச் சரக்குக் காயவைக்கும் முற்றங்களில் கூட்டித் தள்ளியதைப் பொறுக்கிவந்து பார்த்தால், பழைய கறுவாவுக்குள் இருந்த செம்மண் நிறத்தை எந்தக் கடைக்காரனும் குப்பியில் அடைத்து விற்றதில்லை. மூன்று மாதம் ஒட்டினேன். விரலோடு விரலும் பலமுறை ஒட்டிக்கொண்டது.

"என்ன மாஸ்டர், இது படமா, கறிக்குத் தாளிக்கவா? குப்பையை அள்ளிப் போடுங்க" என்றார் அதிபர்.

மறுவாரம் கல்விப் பணிப்பாளர் வந்து, அந்தக் குப்பையின் முன் வாய்பிளந்து நின்றார். "யார் செஞ்சது?"

"நான்தான் சேர். ஓய்வு நேரத்துல ஏதோ..." என்றார் அதிபர், கூசாமல்.

பக்கத்தில் நின்ற நான் என்ன செய்தேன்? சிங்கம்போல் பாய்ந்து, பணிப்பாளருக்குத் தேநீர்க் கோப்பையை நீட்டினேன். அதிபரோடு மோதினால் இடமாற்றம் நிச்சயம். அவர் இப்போது உயிரோடில்லை. அதற்காக நான் மன்னித்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம்.

பழிவாங்கும் வாய்ப்பைப் பணிப்பாளரே தந்தார். மாத்தளையில் ஆசிரியர்களைக் கூட்டி, எல்லோர் முன்னிலையிலும் இன்னொரு சேவல் செய்துகாட்டும்படி அதிபரைக் கேட்டார். அதிபர் என்னிடம் வந்தார்.

"உடம்பை நீங்க ஒட்டிக் குடுத்துருங்க மாஸ்டர். மேடையில கொண்டையை மட்டும் நான் ஒட்டுறேன்."

"கொண்டைக்கு வசுவாசி வேணாம் சேர். செத்தல் மிளகாய்தான் அழகு."

அது பொய்யில்லை. காய்ந்து சிவந்த செத்தல் மிளகாயைக் கிழித்து, விதையைத் தட்டிவிட்டு வெளிச்சத்தில் பிடித்தால் தணல் மாதிரி ஒளிரும். ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. மிளகாயைத் தொடுமுன் கையில் தேங்காயெண்ணெய் பூச வேண்டும்; தொட்ட கை முகத்துக்குப் போகக் கூடாது.

மேடையில் அதிபர் இருபது மிளகாய் கிழித்தார். வியர்த்தது. முகத்தைத் துடைத்தார். கண்ணையும் துடைத்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நான் ஒரு மாதமாகக் காத்திருந்த கணம். கண்ணீர் தாரைதாரையாக வழிந்தது.

பணிப்பாளர் மைக்கைப் பிடுங்கினார். "பாருங்க! தன் கைவேலையைப் பார்த்துத் தானே கலங்குறார். கலைஞன்னா இவர்தாங்க!"

மண்டபமே எழுந்து கைதட்டியது. மாலை போட்டார்கள். என் சேவலுக்காக, என் மிளகாய்க்காக, அவர் கழுத்தில் மாலை. வயிறெரிந்து எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அதிபர் மேடையிலிருந்து தட்டுத்தடுமாறி இறங்கி நேரே என்னிடம் வந்தார். சிவந்த கண்ணால் என்னையே ஒரு கணம் பார்த்தார்.

"அழாதீங்க மாஸ்டர்" என்று, கழுவாத இரண்டு கைகளாலும் என் கண்களை அழுத்தித் துடைத்துவிட்டார்.

தெரிந்துதான் செய்தார். அவர் உதட்டோரத்தில் சிரிப்பு இருந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அன்று எதையும் பார்க்க முடியவில்லை.