கொட்டாஞ்சேனையில் ஓடிய இத்தாலிப் படம்

நாகேந்திரத்துக்குப் பேசிவந்த இரண்டு சம்பந்தங்களும் குழம்பியதற்குக் காரணம் சாதகம் அல்ல, சினிமா.

"ஆள் தங்கமான பிள்ளை. கவண்மேந்து உத்தியோகம். குடி, வெறி ஒண்டும் இல்லை. ஆனா படப் பைத்தியம்" என்று, வெள்ளவத்தையில் விசாரிக்கப் போன இடமெல்லாம் சொல்லியனுப்பினார்கள். யாழ்ப்பாணத்தில் பெண்ணைப் பெற்றவர்களுக்குக் குடிகாரனைத் தெரியும், காசு வைத்துக் கடுதாசி விளையாடுகிறவனைத் தெரியும், அவர்களை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்றும் தெரியும். சனிக்கிழமை தவறாமல் இருட்டுக்குள் போய் உட்கார்ந்து வெள்ளைக்காரிகளைப் பார்த்துவிட்டு வருகிற ஒருவனை என்ன செய்வது? பார்த்துப் பார்த்தே கெட்டுப்போயிருப்பான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அவன் வெள்ளைக்காரிகளைப் பார்க்கப் போகவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில், கிளாக்கர்மார் சிலர் கூடி வாடகைக்கு எடுத்து, சமையலுக்கு ஆள் வைத்துக்கொண்டு இருந்த வீடு ஒன்று. சம்மறி என்பார்கள். நாகேந்திரம் அங்கேதான் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சோற்றோடு அவனுடைய தீர்ப்பும் பரிமாறப்படும். அதைக் கேட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் படத்துக்குப் போவதா, படுத்துத் தூங்குவதா என்று தீர்மானிப்பார்கள்.

உலகச் சண்டை முடிந்து கப்பல்கள் ஒழுங்காக வரத் தொடங்கிய காலம் அது. எங்கெங்கோ எடுத்த படங்களெல்லாம் கொழும்புக்கு வந்துகொண்டிருந்தன. நாகேந்திரம் ஒன்றையும் விடவில்லை. அமெரிக்கக் கொலைப் படங்களில் அவனுக்கு ஒரு தீராத எரிச்சல் உண்டு. துவக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறவன் சுடாமல் தன் வாழ்க்கை வரலாற்றையே சொல்லிக்கொண்டிருப்பான், எதிரே நிற்பவன் அதற்குள் தப்பிவிடுவான். "அலட்டாமல் சுட்டிருந்தா படம் நேரத்தோட முடிஞ்சிருக்கும்" என்பான். இங்கிலாந்துக்காரன் கொலையைக்கூட மரியாதையாகச் செய்வான், பிரேதத்தைப் பார்த்துவிட்டு முதலில் தேத்தண்ணி ஊற்றுவான். பிரெஞ்சுக்காரர் படத்தில் யாருக்கும் அவசரம் இல்லை. சாகப்போகிறவன் சிகரெட்டை முடித்துவிட்டுத்தான் சாவான். அது நாகேந்திரத்துக்குப் பிடிக்கும். வயலின் சத்தம் எழும்பி "இப்போது அழு" என்று கட்டளை போடும் படம் எந்த நாட்டுப் படமானாலும் அவனுக்கு ஆகாது. கொன்றவன் யார் என்று கண்டுபிடிப்பது பொலிசுக்காரனின் வேலை, கொன்றுவிட்டு வந்தவன் இரவு எப்படிச் சாப்பிட்டான் என்று காட்டுவதே படத்தின் வேலை என்பது அவன் கட்சி. இன்னொன்றும் உண்டு. ஒரு படத்தைப் பற்றி யாருடைய முகத்துக்காகவும் அவன் பொய் சொல்லமாட்டான். மேலதிகாரிக்குப் பிடித்த படத்தை "குப்பை" என்று சொல்லி வாங்கிக் கட்டியவன்.

அந்த வருடம் அவனை ஆட்டி வைத்தது ஓர் இத்தாலிப் படம். ஒரு கிழட்டு சிக்னல்காரன் தன்னால் நேர்ந்த விபத்தை மறைக்கிறான். வேறொருவன் சிறைக்குப் போகிறான். அவ்வளவுதான் கதை. ஆனால் அதில் ஓர் இடம். சிக்னல்காரனின் மகளும் அந்த வீட்டில் வாடகைக்கு இருக்கும் கிளாக்கரும் இருட்டில் நிற்க, ரயில் கடந்து போகிறது. ஒவ்வொரு பெட்டியின் ஜன்னல் வெளிச்சமும் அவர்கள் முகத்தில் விழுந்து விழுந்து போகிறது. பாட்டில்லை, பேச்சில்லை. அந்த வெளிச்சத்தைப் பற்றி நாகேந்திரம் வாரக்கணக்காகச் சொல்லிச் சம்மறியையே களைக்கப்பண்ணிவிட்டான்.

இப்படி இருக்கும்போதுதான் சரோஜினிதேவியின் சம்பந்தம் வந்தது. அவளை அவன் முன்பே ஒருமுறை கண்டிருந்தான். கிருலப்பனையில் ஒரு கலியாண வீட்டில் வாழ்த்துரை இழுபட்டுக்கொண்டு போனபோது, சுற்றியிருந்த பெண்களெல்லாம் உருகிக் கேட்பதுபோல முகத்தை வைத்திருக்க, அவள் மட்டும் ஒளிக்காமல் கொட்டாவி விட்டாள். நடிப்பில்லாத முகம் என்று அன்றைக்கே மனதுக்குள் குறித்துக்கொண்டான். இந்தச் சம்பந்தமும் குழம்பினால் தாங்காது என்று அவனுக்கே தெரிந்தது.

ஆடிவேல் திருவிழா பார்ப்பது என்ற சாட்டில் குடும்பம் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் சொந்தக்காரர் வீட்டில் இறங்கியது. வெள்ளிக்கிழமை பின்னேரம் பெண்ணின் தகப்பனார் நமசிவாயம், ஓய்வுபெற்ற ஸ்டேசன் மாஸ்டர், சம்மறிக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தார். அதே வீட்டில் கூட இருந்த கந்தவனம் முன்கூட்டியே எச்சரித்திருந்தான்.

"படம் எண்டு வாய் திறந்தியோ, உன்ர கலியாணம் அதோட சரி."

நாகேந்திரமும் வாயைத் திறக்கத்தான் இல்லை. திறக்க வைத்தவர் நமசிவாயம்.

"தம்பி, பிள்ளை ஒரு படம் பாக்கோணும் எண்டு நிக்குது. நாங்கள் நிக்கிற வீட்டுக்குக் கிட்டவுள்ள தியேட்டரில ஏதோ றெயில்வேக் கதையாம். குடும்பமாப் போகலாமோ? நீர் உதுகள் தெரிஞ்ச ஆள் எண்டு கேள்வி."

கந்தவனம் இருமினான், காலை மிதித்தான். பலிக்கவில்லை. அந்தப் படம் கொட்டாஞ்சேனைக்கும் வந்துவிட்டது என்ற சந்தோசத்தில் நாகேந்திரம் மடை திறந்துவிட்டான். சிக்னல் பெட்டி, கிழவனின் கை நடுக்கம், எல்லாவற்றுக்கும் மேலே அந்த வெளிச்சம். "வெளிச்சம் விழுற இடத்தை மட்டும் கண் வெட்டாமல் பாருங்கோ ஐயா" என்று முடித்தான். ஸ்டேசன் மாஸ்டர் உண்மையாகவே ரசித்துக் கேட்டார். நாளைக்கே போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. மதியம் சாப்பிடும்போது கந்தவனம் ஒரு பேச்சுக்குக் கேட்டான்:

"அது சரி, அந்த வெளிச்சம் விழேக்க அவை ரெண்டு பேரும் என்ன செய்துகொண்டு நிக்கினம்?"

நாகேந்திரத்தின் கையில் குழைத்த சோறு அப்படியே நின்றது. அவர்கள் முத்தமிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். கடைசிப் பெட்டி கடந்து போகும்வரை. அதுவும் வீட்டுக்காரன் மகளும் வாடகைக்கிருக்கும் கிளாக்கரும். இதைக் கண் வெட்டாமல் பார்க்கச் சொல்லித்தான் பெண் வீட்டாரை அனுப்பியிருக்கிறான்.

கை கழுவினானோ இல்லையோ, பஸ்ஸைப் பிடித்தான். புறக்கோட்டையில் இறங்கி, ஆடிவேல் சனத்துக்குள் இடிபட்டு, கிராண்ட்பாஸ் டிராமில் தொத்திக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது படம் தொடங்கிவிட்டது. வாசலில் டிக்கட் கிழிக்கும் மஜீட் அவனுக்குப் பழக்கம்.

"என்ன மாஸ்டர், நீங்க ரெண்டு தரம் பாத்ததாச் சொன்ன படம்தானே? மூச்சு வாங்குது?"

"உள்ளுக்க விடும் மஜீட், பிறகு சொல்றன்."

பின்சுவரோடு நின்றான். நடு வரிசையில் நமசிவாயத்தின் வழுக்கை தெரிந்தது, பக்கத்தில் அவர் மனைவி மயிலம்மா, அவருக்கு அப்பால் சரோஜினிதேவி. போய் ஏதாவது சாட்டுச் சொல்லி எழுப்பலாமா? யாருக்கோ சுகமில்லை என்று? அதற்குள் திரையில் இருட்டு வந்தது, தூரத்தில் ரயிலின் கூவல் கேட்டது. நமசிவாயம் நிமிர்ந்து உட்கார்ந்து, மனைவியைத் தட்டி, திரையைக் காட்டினார். நாகேந்திரம் கண்ணை மூடிக்கொண்டான். இதுவரை பார்த்த கொலைப் படம் எதிலும் அவனுக்கு நெஞ்சு இப்படி அடித்ததில்லை.

திரையிலிருந்து, சந்தையில் மீன் விலை பேசும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தான். அடுத்த காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தத் துண்ட வெட்டியாச்சு, மாஸ்டர்," மஜீட் காதுக்குள் சொன்னார். "மொத நாளே ஒரே கூச்சல். மெனேஜர் மஹத்தயா வெட்டச் சொல்லிட்டாரு."

போன உயிர் திரும்பி வந்தது. மஜீடின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். முருகா, முருகா என்று மனம் சொல்லியது. அடுத்த கணமே பிடித்த கையை உதறினான். அந்த இடத்தையா வெட்டினான்? படத்தின் உயிரே அதுதானே! மடையன்! சந்தோசப்படுவதா சண்டை பிடிப்பதா என்று தெரியாமல் கடைசிவரை சுவரோடு நின்றான்.

வெளியே வந்ததும் நமசிவாயம் அவனைக் கண்டுவிட்டார்.

"அட, தம்பியும் வந்தனீரோ! நல்ல படம் ஐசே. அந்தக் கிழவன்ர கை நடுங்கேக்க எனக்கே நடுங்கினது. ஆனா நீர் சொன்ன வெளிச்சம் வரேல்லையே? நான் கண் வெட்டாமல் பாத்துக்கொண்டு இருந்தனான்."

பழைய பிரதி, அறுந்துபோயிருக்கும் என்று சொன்னால் போதும். அந்தப் பொய் நுனி நாக்குவரை வந்தது. மூன்று பேரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கந்தவனம் பக்கத்தில் இருந்திருந்தால் அவனே சொல்லியிருப்பான். ஆனால் பொய் சொன்னால் அந்த வெளிச்சமே இல்லையென்று ஆகிவிடும்போல நாகேந்திரத்துக்கு இருந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

"வெட்டிப்போட்டாங்கள், ஐயா."

"ஏன் வெட்டுவான்?"

"அதில அவை ரெண்டு பேரும்... முத்தம் குடுத்துக்கொண்டு நிக்கினம். கனநேரம். நான் வேணுமெண்டு அனுப்பேல்லை. வெளிச்சத்தைத்தான் பாத்தனான். மற்றது இண்டைக்குத்தான் நினைவு வந்தது. ஓடி வந்தனான்."

ஒரு டிராம் மணியடித்துக்கொண்டு கடந்து போனது. மூன்றாவது சம்பந்தமும் போனது என்று நாகேந்திரம் நினைத்தான்.

மயிலம்மாதான் முதலில் வாய் திறந்தார்.

"இஞ்சேருங்கோ, கேட்டியளே? உந்த இடத்திலயும் வெளிச்சத்தைப் பாத்துக்கொண்டு இருந்திருக்குது பிள்ளை. இந்தப் பிள்ளையையே கெட்டுப்போச்சுதெண்டு சொன்னவை? இனி என்னத்தை விசாரிக்கக் கிடக்கு!"

நமசிவாயம் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே நாகேந்திரத்தின் தோளில் ஓங்கித் தட்டினார். அந்தத் தட்டில் இரண்டு வருடமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் உருண்டு விழுந்தது. அவனுக்கும் சிரிப்பு வந்தது, கண்ணில் நீரும் வந்தது.

வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினார்கள். பெரியவர்கள் இருவரும் முன்னே போக, சரோஜினிதேவி சேலைத் தலைப்பைச் சரிசெய்கிற சாட்டில் ஓரடி பின்தங்கினாள்.

"அம்மாவுக்குப் பயம் போயிட்டுது," என்றாள் மெல்ல. "உந்த இடத்திலயும் வெளிச்சத்தைப் பாக்கிற ஆளெண்டா, எனக்கெல்லோ இப்ப வருது."

நாகேந்திரத்துக்கு அது விளங்க ஒழுங்கை முனைவரை நடக்க வேண்டியிருந்தது.