அழைப்புக்காக நின்ற வண்டி

அவர் தண்ணீர் மீட்டர் படிப்பவர். மனைவிக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. வாரம் இருமுறை பேருந்தில் போய் இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொண்டு வருவார்கள். பெருநகர மருத்துவமனையின் காத்திருப்போர் வரிசையில் மனைவியின் பெயர் இருந்தது. இறந்த ஒருவரின் சிறுநீரகம் பொருந்தி வந்தால் தொலைபேசியில் அழைப்பார்கள். மூன்று மணி நேரத்துக்குள் போய்ச் சேரவேண்டும். தவறினால் அது அடுத்தவருக்கு. காரில் போனால் இரண்டு மணி நேரத் தொலைவு. இதற்கென்றே ஒரு பழைய பெட்ரோல் காரை அவர் வாங்கியிருந்தார்.

உறவினரிடையே அவருக்கு ‘இன்னொருதரம்’ என்று பெயர். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போனவர், “இன்னொரு தரம் பாத்துட்டு வந்துடறேன்” என்று திரும்பாத நாளே கிடையாது. காரையும் அப்படித்தான் வைத்திருந்தார். தினமும் காலையில் கொட்டகைக்குப் போய், சாவியைத் திருப்பி, எஞ்சின் உறுமியதும் ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு அணைப்பார். டாங்கில் எப்போதும் பெட்ரோல் நிறைந்திருக்கும்.

“பஸ்ல நின்னுக்கிட்டே வந்தா காலெல்லாம் வீங்குதுங்க. ஒரு நாளாவது இதுல கூட்டிட்டுப் போங்களேன்” என்று மனைவி கேட்டதுண்டு.

“போற வழியில யாராவது இடிச்சு வச்சா? அன்னிக்குன்னு பாத்து போன் வந்தா?”

அதற்கு மேல் பேச்சு வளராது.

போன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வந்தது. மருத்துவமனையிலிருந்து பேசிய பெண், உடனே புறப்படச் சொன்னார். பை ஏற்கெனவே கட்டித் தயாராக இருந்தது. மாடியில் குடியிருந்த மனைவியின் தம்பி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இறங்கி வந்தான். மனைவி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இவர் சாவியைத் திருப்பினார்.

டிக், டிக், டிக். அவ்வளவுதான்.

“காலைல கூட எடுத்ததே!” என்றார் இன்னொருதரம். முகப்பு விளக்கைப் போட்டார், எரிந்தது. சாவியைத் திருப்பியபோது அது மஞ்சளாகி மங்கியது. பானட்டைத் திறந்தார். பேட்டரி முனைகள் துடைத்து வைத்த குத்துவிளக்குபோலப் பளபளத்தன. இருந்தும் கழற்றினார், தேய்த்தார், முறுக்கினார். மறுபடி டிக். மறுபடி கழற்றினார்.

“அத்தான், டாக்ஸிக்குச் சொல்லிடறேன்.”

“அவன் வந்து சேரவே ஒரு மணி நேரம் ஆகும்டா. இது இதுக்காகவே வாங்கின வண்டி. இரு, இன்னொரு தரம்…”

“உங்க இன்னொரு தரத்துல தீய வைக்க!” என்று மச்சினன் தலையிலடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினான். எதிர்ப்பட்டது தண்ணீர் கேன் டெம்போ ஒன்றுதான். ஓட்டுநரைக் கையோடு இழுத்து வந்தான். அதற்குள் அரை மணி நேரம் கரைந்திருந்தது.

டெம்போ பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்ததும் எஞ்சின் வேகமாகச் சுழன்றது. சுழன்றதே தவிர, பற்றவில்லை. பெட்ரோல் நெடி மூக்கைத் துளைத்தது. ஓட்டுநர் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் ஒன்றைக் கழற்றிக் காட்டினார். அடுப்புக்கரியில் தோய்த்ததுபோல், கறுத்து நனைந்திருந்தது.

“தினமும் எவ்வளவு தூரம்ணே ஓட்டுவீங்க?”

“ஓட்டறதே இல்ல. ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷம் வச்சு அணைச்சிடுவேன். ஒரு நாள் கூட விட்டதில்ல.”

ஓட்டுநர் அவரை ஒருமுறை பார்த்தார். “தினம் ஒருத்தர எழுப்பி, பல்லு விளக்கறதுக்குள்ள திரும்பப் படுக்க வச்சா உடம்பு வெளங்குமாண்ணே? ஒவ்வொரு தரமும் பேட்டரில இருந்து எடுத்தீங்க, திருப்பிக் குடுக்கல. சூடேறாத எஞ்சின்ல கரிதான் சேரும். வாரம் ரெண்டு தரம் எங்கயாச்சும் ஓட்டியிருந்தீங்கன்னா போதும்.”

வாரம் இரண்டு தரம். பின்சீட்டிலிருந்தவர் காதிலும் அது விழுந்தது. அவர் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

“தம்பி, உங்க டெம்போவுல என்னை ஏத்திக்குவீங்களா?”

“ஏறுங்கக்கா. வேகமாப் போகாது, ஆனா போகும்.”

“அஞ்சே நிமிஷம்,” என்றார் கணவர். கையில் பிளக் இருந்தது. “நாலு பிளக்கையும் தொடைச்சுப் போட்டா எடுத்துடும். நீ முன்னால போ, நான் வழியிலயே பிடிச்சு உன்னை ஏத்திக்கறேன்.”

“நீங்க வரலீங்களா?”

அவர் அதற்குள் குனிந்துவிட்டார். தம்பி அக்காளோடு ஏறிக்கொண்டான்.

நான்கு பிளக்குகளையும் கழற்றி, துணியால் துடைத்து, அடுப்பில் காட்டி உலர்த்தினார். மூன்றாவதை மாட்டும்போது அது நழுவி, எங்கோ இடுக்கில் விழுந்தது. மண்டியிட்டு, பொழுது சாயும்வரை கம்பியால் துழாவினார். அதை எடுத்து மாட்டி, பக்கத்துத் தெரு ஆட்டோக்காரரைக் கெஞ்சி அழைத்து வந்து, அந்த வண்டியின் பேட்டரியில் ஒயரை மாட்டிச் சாவியைத் திருப்பினார். இருமி, புகை கக்கி, எஞ்சின் பற்றிக்கொண்டது. ஓங்கி உறுமியது. அந்த ஒலியைக் கேட்டு அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

சட்டைப்பையில் போன் அடித்தது.

“அத்தான், இப்பத்தான் உள்ள நுழைஞ்சோம்.” மச்சினன் குரல் கம்மியிருந்தது. “நேரம் தாண்டிடுச்சுன்னு அடுத்தவங்கள உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். அரை மணி நேரம் முன்னால வந்திருந்தா…”

“அவ என்ன சொல்றா?”

“பெஞ்சுல உக்காந்திருக்கு. நீங்க சாப்பிட்டீங்களான்னு கேக்கச் சொல்லுச்சு.”

அவர் எஞ்சினை அணைக்கவில்லை. வீட்டைப் பூட்டினார், திரும்பிப் பார்க்காமல் ஏறி, மனைவியை அழைத்துவரக் கிளம்பினார். அடுத்த வாரத்திலிருந்து சுத்திகரிப்புக்கு மனைவி காரில் போனார்.

இரண்டாவது அழைப்பு வந்தபோது வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது. இடையில் நான்கு ஆண்டுகள்.