ஏழு ஓட்டைச் சுவர்

பரமக்குடிப் பக்கத்துக் கொத்தனார் பாண்டித்துரை கதை கட்டுகிற ஆள் இல்லை. குடிப்பழக்கமும் கிடையாது. போன பிப்ரவரியில் அவனுக்கு நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

வளைகுடாவில் அவன் வேலை பார்த்த முசஃபா தொழிலாளர் கேம்பிலிருந்து அவனையும் பெஷாவர்க்காரன் அஹ்சனையும் கம்பெனி ஓமன் மலைக்கு அனுப்பியது. ஆள் இல்லாத பழைய கிராமம் ஒன்றை ஹோட்டலாக மாற்றும் வேலை. அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னால், மலைக்காரர்கள் துப்பாக்கி எடுத்து வெள்ளைக்காரப் பட்டாளத்தை எதிர்த்த ஊர் அது. கடைசி வீட்டு மண்சுவரில் ஏழு குண்டு ஓட்டைகள் இருந்தன.

பாண்டித்துரை களிமண் குழைத்து ஏழு ஓட்டையையும் அடைத்தான். மறுநாள் காலை ஆறரைக்குப் போய்ப் பார்த்தால் ஏழும் திறந்து கிடந்தன. மறுபடி அடைத்தான். மறுபடியும் அதே. கீழே உதிர்ந்த மண்கூட இல்லை.

அஹ்சன் மேல்தான் சந்தேகம். அடுத்த போர்மேன் இவர்கள் இருவரில் ஒருவர். இவன் வேலை கெட்டால் யாருக்கு லாபம்?

"ஒன் கையில ஏது மண்ணு?"

"நானும் கொத்தனார்தானே பாய். கையில பூவா இருக்கும்?"

அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை எல்லாரும் தொழுகைக்குக் கீழே இறங்கினார்கள். அஹ்சனும்தான். பாதி வழியில் திரும்பி வருவான், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று பாண்டித்துரை ஓட்டைகளை மறுபடி அடைத்துவிட்டு அந்த வீட்டுக்குள் சுவரோரம் குந்தினான்.

மணி 12.40.

வெளியே சரளைக்கல் நொறுங்கியது. ஒருவன் நடை இல்லை... பத்துப் பேர் நடை.

எட்டிப் பார்த்தான். வெயில் மட்டும்தான்.

12.43. பக்கத்தில் யாரோ மூச்சு வாங்கினார்கள்... ஓடி வந்தவன் மாதிரி.

அடைத்த மண் 'தொப்'பென்று உள்ளே விழுந்தது. அடுத்தது. அடுத்தது...

"டமார்!"

வலது தோளில் சம்மட்டி அடி. சுருண்டு விழுந்தான்.

வெடிமருந்து நாற்றம்.

அப்புறம்... சத்தமே இல்லை.

1.35க்கு அஹ்சன் வந்தான்.

"நீதானேடா கல்லெறிஞ்ச?"

"அல்லா மேல சத்தியம் பாய். சூப்பர்வைசர் பக்கத்துல நின்னு தொழுதேன். அவரையே கேளு."

கேட்டான். உண்மைதான். சட்டையைக் கழற்றிப் பார்த்தார்கள். கிழிசல் இல்லை, ரத்தம் இல்லை, சிராய்ப்புகூட இல்லை. சைட் காவலாளி, அந்த ஊர்க் கிழவர் மக்தூம், அவன் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். முகம் மாறியது. அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்.

"கலாஸ், போதும். இனி உள்ளே போகாதே."

வாசலுக்குக் குறுக்கே ஒரு கட்டையைப் போட்டார்.

பாண்டித்துரையால் வலது கையைத் தூக்கவே முடியவில்லை. பத்து நாள் கழித்து முசஃபா திரும்பியதும் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் உமாராணி படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"உங்களுக்குக் குண்டு எப்பப் பாஞ்சுச்சு?"

"குண்டா? எனக்கா?"

"தோள் எலும்புல இருக்கே. வெளிய தழும்பே இல்லையே, எப்படி உள்ள போச்சு? சுத்தி எலும்பு வளந்து மூடியிருக்கு. பார்த்தா அறுபது, எழுபது வருஷப் பழசு மாதிரி..." டாக்டர் நிமிர்ந்தார். "உங்க வயசென்ன?"

"முப்பத்தொண்ணுங்க."