சொத்தைக் கடலை

ஆமத்தூர்ப் பெத்தணனுக்கு விருதுநகரில் ஒரு கடலைக் கிட்டங்கியில் மூடை தூக்கும் வேலை. அவன் மனைவி மாரிசெல்வி விடிந்தும் விடியாமலும் கம்பெனி வேனில் ஏறிச் சிவகாசிப் பக்கம் பட்டாசு வேலைக்குப் போய்விடுவாள். இருட்டும் நேரத்தில்தான் திரும்புவாள். பெத்தணனுக்குப் பெரும்பாலும் மத்தியானத்தோடு லோடு முடிந்துவிடும். பால்வாடியிலிருந்து மகள் ரோஜாவைக் கூட்டி வந்து சோறூட்டுவது அவன்தான். அதில் அவனுக்கு ஒரு பெருமை.

கிட்டங்கியில் கடலையைத் தரம் பிரிக்கும்போது சுருங்கியது, கறுத்தது, பச்சைப் பூசணம் பிடித்தது எல்லாம் தனியே ஒதுங்கும். அள்ளிக்கொண்டு போகிறவர்களை முதலாளி தடுக்கமாட்டார். பெத்தணன் அதைத் துண்டில் முடிந்து கொண்டுவருவான். புடைத்து, வறுத்து, வெல்லம் சேர்த்து இடித்து உருண்டை பிடிப்பான். லேசான கசப்பு வெல்லத்தில் தெரியாது. கடலை தின்றால் பிள்ளை தேறும் என்று பால்வாடியில் சொல்லியிருந்தார்கள். ரோஜா ஒன்றைத் தின்று முடிக்குமுன் அடுத்ததற்குக் கை நீட்டுவாள்.

இரண்டரை வயதில் அவளுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. மாத்திரைக்கு நிற்கும், பத்து நாளில் மறுபடி வரும். மூன்று வயது முடிந்தபோது ஒன்றரை வயதுப் பிள்ளையின் கவுன் அவளுக்குச் சரியாக இருந்தது. உள்ளூரிலும் விருதுநகரிலும் பார்த்துவிட்டு, 2006 ஆடியில் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வாய்வழியாகக் குழாய் விட்டு, குடலில் துளிச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வந்த அன்று மாரிசெல்வி பிள்ளையோடு வார்டில் இருந்தாள். டாக்டரம்மா பெத்தணனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"குடலோட உள்பக்கம் தலை துவட்டுற தேங்காப்பூத் துண்டு மாதிரி இழை இழையா இருக்கும்ப்பா. அதுதான் சத்தை உறிஞ்சும். உங்க பிள்ளைக்கு அந்த இழையெல்லாம் தேஞ்சு மொட்டையாயிடுச்சு. சாப்பிடறது உடம்புல ஒட்டலை. உள்தோலும் அங்கங்க விட்டுப்போய், கிருமி ரத்தத்துக்குப் போகுது. என்னென்ன குடுக்கறீங்க?"

சோறு, பருப்பு, முட்டை, கடலை உருண்டை என்றான். என்ன கடலை என்று கேட்டார். சொன்னான். எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்.

"அந்தப் பூசணத்துல ஒரு விஷம் இருக்கு. வறுத்தாலும் முழுசாப் போகாது."

"அதனாலதான் இப்படி ஆச்சாம்மா?"

"அடிச்சுச் சொல்ல முடியாது. குடிக்கிற தண்ணியும் காரணமா இருக்கலாம். ஆனா இனிமே அதைக் குடுக்காதீங்க."

அதற்குப் பிறகு எதையும் கொடுக்க வேண்டிவரவில்லை. நான்காம் நாள் ரோஜாவுக்குக் காய்ச்சல் ஏறியது. கிருமி ரத்தமெல்லாம் பரவிவிட்டது என்றார்கள். மறுநாள் காலை பத்து மணிவாக்கில் தாயின் மடியிலேயே இறந்துபோனாள்.

மாரிசெல்விக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. அவளாகவே ஒன்றை முடிவுசெய்துகொண்டாள். வேனைவிட்டு இறங்கியதும் ஓடிவந்து பிள்ளையைத் தூக்குவாள். நகக்கண்ணில் பட்டாசு மருந்து இருக்கும்போதே எத்தனையோ நாள் ஊட்டியிருக்கிறாள். அதுதான் பிள்ளையின் குடலை அரித்துவிட்டது என்று நம்பினாள். வேலைவிட்டு வந்ததும் கருங்கல்லில் உள்ளங்கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். தோல் வெடித்து, குழம்பு பட்டால் எரிந்ததால் கரண்டியால் சாப்பிட்டாள்.

பெத்தணன் பார்த்துக்கொண்டிருந்தான். உன் கை இல்லை என்று சொல்லத் தினமும் வாய் வரைக்கும் வரும். பின்னே யார் கை என்று கேட்பாளே என்று விழுங்கிவிடுவான்.

எட்டு மாதம் போனது. பங்குனியில் மாரிசெல்வியின் அக்கா சொர்ணலட்சுமி வந்தவள், இன்னொரு பிள்ளையைப் பற்றிப் பேச்செடுத்தாள்.

"இந்தக் கைய வச்சுக்கிட்டு நான் இன்னொரு பிள்ளையத் தொடமாட்டேன்க்கா" என்றாள் மாரிசெல்வி.

அக்கா பஸ் ஏறியபின் பெத்தணன் எல்லாவற்றையும் சொன்னான். நிச்சயமில்லை என்று டாக்டரம்மா சொன்னதையும் மறைக்கவில்லை.



"நான் கையத் தேய்க்கிறதப் பாத்துக்கிட்டுத்தான இருந்தீக?"

"ஆமா."

"எட்டு மாசமும்?"

"சொல்ல வாய் வரல செல்வி."

"கடலை குடுத்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லல. தெரிஞ்சா குடுத்தீக? பிள்ள தேறட்டும்னுதான் குடுத்தீக. ஆனா என்னைய ஒத்தையில விட்டுட்டு, அங்கன நின்னு பாத்திருக்கீகளே."

அவன் அழுதான். அவள் அழவில்லை. கொஞ்சம் கழித்து, "டாக்டரம்மாவே அடிச்சுச் சொல்லலைல. என் கையாவும் இருக்கலாம்" என்று எழுந்து போனாள்.

மறுநாள் கிட்டங்கி வாசலில், ஒதுக்கிய கடலைக்குக் காத்திருந்த பெண்களிடம் பெத்தணன் விஷயத்தைச் சொன்னான். "நாங்க சின்னதுல இருந்து இதத்தானண்ணே திங்கிறோம்" என்றாள் ஒருத்தி. ஒருத்தி மட்டும் மடியில் கட்டியதை அவிழ்த்துக் கொட்டிவிட்டுப் போனாள். முதலாளியிடமும் சொன்னான்; அவர் காதில் வாங்கிக்கொண்டார், ஒன்றும் மாறவில்லை. அந்த மாதமே அவன் அங்கே வேலையை விட்டுவிட்டு, ஒரு தீப்பெட்டிக் கம்பெனிக்கு லோடு ஏற்றப் போனான்.

அவர்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. சாயங்காலம் முதலில் வருகிறவர் உலை வைப்பார். சாப்பிடும்போது வேன் தாமதமானது, சீசன் ஆர்டர், மழை என்று ஏதாவது பேசிக்கொள்வார்கள். ரோஜா பேச்சை மட்டும் இருவரும் எடுப்பதில்லை.