அதைவிட்டு என்னையும் திருப்பிய நாள்

சென்ற ஆண்டு ஜூன் மாதம் நீட் தேர்வு முடிவு வந்த அன்று என் மகள் நஸ்ரின் அழவில்லை. போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். நான்தான் அழுதேன். "விடும்மா, பரவால்ல" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். என் பிள்ளைக்கு எவ்வளவு தைரியம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு எவ்வளவு தப்பு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் பெரம்பலூர் மாவட்டம் லெப்பைக்குடிக்காட்டில் இருக்கிறோம். என் கணவர் சவூதியில் ஒரு கடையில் வேலை செய்கிறார். அவர் ஊருக்கு வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ஆகஸ்ட்டில் வருவதாக இருந்தார். அதற்கென்று கொஞ்சம் பணம் ஒதுக்கி வைத்திருந்தார். நான் பி.எஸ்சி. படித்தவள். தெருவில் யாருக்கு ரத்தப் பரிசோதனை முடிவு வந்தாலும் என்னிடம்தான் காட்ட வருவார்கள். என் வீட்டில் ஒரு டாக்டர் வேண்டும் என்ற ஆசை நஸ்ரின் நடக்கப் பழகிய நாளிலிருந்தே எனக்குள் இருந்தது. அவளுக்கும் அந்த ஆசை உண்டா என்று நான் கேட்டதில்லை. அவளும் இல்லை என்று சொன்னதில்லை.

முடிவு வந்த இரண்டாம் நாளே வெளி மாவட்டத்தில் உள்ள ஒரு பயிற்சி மையத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். ஒரு வருடம் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். "மேடம், ரெண்டே சீட்டுதான் இருக்கு. பாப்பாவுக்காக ஒண்ண நிறுத்தி வெச்சிருக்கேன்" என்றாள். மறுநாளும் அதே இரண்டு சீட்டுதான் இருந்தது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே.

கணவரிடம் சொன்னேன்.

"அந்த ஃபீஸக் கட்டினா நீங்க ஆகஸ்ட்ல வர முடியாதுங்க."

"அடுத்த வருசம் வந்துக்கறேன் புள்ள. நஸ்ரினு என்ன சொல்லுது?"

"சரிங்குது."

"அப்ப நீயே முடிவு பண்ணு. ஆனா இஸ்திகாரா தொழுதுட்டுப் பண்ணு."

ஒரு காரியத்தில் இறங்கலாமா வேண்டாமா என்று நமக்குத் தெரியாதபோது இரண்டு ரக்அத் தொழுது அல்லாஹ்விடமே வழி கேட்பதுதான் இஸ்திகாரா. அதற்குரிய துஆவின், அதாவது வேண்டுதலின், பொருள் ஏறக்குறைய இப்படி வரும்: இந்தக் காரியம் எனக்கு நல்லது என்று நீ அறிந்திருந்தால் இதை எனக்கு எளிதாக்கு. கெட்டது என்று அறிந்திருந்தால் இதை என்னைவிட்டுத் திருப்பிவிடு, என்னையும் இதைவிட்டுத் திருப்பிவிடு. நன்மை எங்கே இருந்தாலும் அதைக் கொடு, அதில் என் மனம் நிறையச் செய்.

லுஹர் என்னும் நண்பகல் தொழுகை முடிந்து வீடு அமைதியாக இருக்கும்போது நான் தினமும் ஓதினேன். "எளிதாக்கு" என்ற இடம் வரும்போது கண்ணீர் கொட்டும். அதற்கு அப்புறம் உள்ளதை வாய் மட்டும் ஓதி முடித்துவிடும்.

எங்கள் பக்கத்தில் பலருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. இஸ்திகாரா தொழுதால் கனவு வரும், கனவில் வெள்ளையோ பச்சையோ தெரிந்தால் செய்யலாம், கறுப்போ சிவப்போ தெரிந்தால் கூடாது என்பார்கள். நானும் கனவுக்காகக் காத்திருந்தேன். பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா காலையில் கதவைத் திறந்ததும் அதைத்தான் கேட்பார்.

"எதாச்சும் வந்துச்சா?"

"தயிருதான் வந்துச்சுக்கா."

"தயிரா? அடியே, தயிரு வெள்ளைதானே! டாக்டரு கோட்டும் வெள்ளைதானே! இதுக்கு மேல அல்லா எப்படிடி சொல்லுவான்? போயி கட்டு."

முந்தின நாள் உறை ஊற்றிய தயிரை வெளியிலேயே விட்டுவிட்டோமே என்ற கவலையோடு நான் தூங்கப் போனதை அவரிடம் சொல்லவில்லை. எனக்கு அந்தக் கனவு தேவைப்பட்டது.

ஆனாலும் மனம் அடங்கவில்லை. பெண்கள் மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஆலிமாவிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். தயிர்க் கதையைக் கேட்டுச் சிரித்தார். "கனவு வரணும்னு ஒண்ணும் இல்லைங்க. ஓதிட்டு காரியத்துல இறங்குங்க. நல்லதுன்னா நடக்கும், இல்லன்னா அவனே திருப்பிடுவான்" என்றார். அதையும் போகச் சொல்லிவிட்டார் என்றே எடுத்துக்கொண்டேன்.

ஜூலை முதல் வாரம் நஸ்ரினின் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு புறப்பட்டோம். பெரம்பலூரில் பஸ் மாறும்போது அவளுக்கு வாந்தி வந்தது. வெயில் என்றேன். மையத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பெரிய கட்டடம், சுத்தமாக இருந்தது. நல்லபடியாகவே பேசினார்கள், அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கணவர் அன்று காலையே பணம் அனுப்பிவிட்டார். ஆனால் அது என் கணக்கில் ஏறவில்லை. கவுண்டரில் இருந்தவர், "சர்வர் பிரச்சினையா இருக்கும்மா. உக்காருங்க, வந்ததும் கட்டிடலாம்" என்றார்.

பார்வையாளர் கூடத்தில் உட்கார்ந்தோம். நஸ்ரின் பெட்டியை மடிமேல் வைத்திருந்தாள். எதிரே ஒரு அம்மா தூக்குவாளியோடு இருந்தார்.

"எந்த ஊருங்க நீங்க?"

"பெரம்பலூர் பக்கம்."

"அட, நமக்கு அரியலூருங்க. ரெட்டிபாளையம். வூட்டுக்காரரு சிமென்ட் கம்பெனில இருக்காரு. எம்பொண்ணு இங்கதான் படிக்குது, இது ரெண்டாவது வருசம். கொழுக்கட்டைன்னா உசிரு, அதான் எடுத்தாந்தேன்." நஸ்ரினைப் பார்த்தார். "பாப்பா மொகம் வாடிக் கெடக்கு. பயப்படாத கண்ணு." பிறகு என் பக்கம் குனிந்தார். "நீங்க மனச தேத்திக்கிட்டு விட்டுட்டுப் போங்க. மொதல்ல ரெண்டு மாசம் அழுவும். அப்புறம் பழகிடும். எம்பொண்ணெல்லாம் இப்ப அழுவுறதே இல்லைங்க."

அவர் அதை எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். அதற்குள் அவருடைய மகள் வந்தாள். அம்மா வாளியைத் திறந்து நீட்டினார். அந்தப் பிள்ளை ஒரு கொழுக்கட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அம்மா பேசிக்கொண்டே இருந்தார். பிள்ளை சாப்பிடவும் இல்லை, பேசவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. கொழுக்கட்டையை வாளியிலேயே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

நஸ்ரின் என் முந்தானையைப் பிடித்தாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது பஸ்ஸில் அப்படிப் பிடிப்பாள்.

"ம்மா."

"என்னம்மா?"

"ரிசல்ட் வந்தப்ப நானும் அழல."

"ஆமா, தைரியமா இருந்தியே."

"தைரியம் இல்லம்மா. அழுறதுக்கு உள்ள ஒண்ணுமே இல்ல. உசிரோட இருக்க வேண்டாம்னு தோணுச்சு. இப்பவும் தோணுது. நீ தினமும் அழுது துஆ கேக்குறதப் பாத்துட்டு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. என்னை இங்க விட்டுட்டுப் போவாதம்மா."

அவளுடைய கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது என் போனில் மெசேஜ் வந்தது. பணம் ஏறிவிட்டது.

சகோதரிகளே, இத்தனை நாள் வாயால் மட்டும் ஓதி முடித்த அந்த இரண்டாம் பாதி எனக்குப் புரிந்தது அந்த நிமிடத்தில்தான். காலையிலேயே பணம் ஏறியிருந்தால் கட்டியிருப்பேன். பிள்ளையை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பியிருப்பேன். "இதை என்னைவிட்டுத் திருப்பிவிடு" என்று கேட்டேன், திருப்பினான். ஆனால் அத்துடன் நின்றிருந்தால் நான் நாளைக்கு மறுபடி வந்திருப்பேன். என் பிடிவாதம் எனக்குத் தெரியும். "என்னையும் இதைவிட்டுத் திருப்பிவிடு" என்றும் கேட்டிருந்தேன் அல்லவா? இப்போது பணம் கையில் இருந்தது, கவுண்டரும் திறந்திருந்தது. எனக்குத்தான் அந்தப் பக்கம் போகக் கால் எழவில்லை. மனம் ஒட்டாமல் ஓதியதையும் அவன் கேட்டிருக்கிறான்.

"ஏறிடுச்சாம்மா?" என்று கவுண்டரிலிருந்து கேட்டார்கள்.

"ஏறிடுச்சுங்க. ஆனா நாங்க போயிட்டு வரோம்" என்றேன். பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் நஸ்ரின் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். கணவருக்குப் போன் செய்து, பக்கத்தில் யாருக்கும் கேட்காதபடி எல்லாவற்றையும் சொன்னேன்.

"புள்ள என்ன பண்ணுது?"

"தூங்குது."

"எழுப்பாத. அந்தக் காசு உன் கணக்குலயே கெடக்கட்டும். நான் இங்க கைமாத்து வாங்கி டிக்கெட் போடுறேன்."

அவர் வரும்வரை காத்திருக்கவில்லை. மறுநாளே அவளை அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். மும்தாஜ் அக்கா கூடவே வந்தார், வாசலில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டி ஓதிக்கொண்டிருந்தார். துஆ கேட்டுவிட்டோமே, டாக்டர் எதற்கு என்று தயவுசெய்து யாரும் இருந்துவிடாதீர்கள். டாக்டரிடம் போக வழி காட்டியதும் அந்த துஆதான்.

ஆகஸ்ட்டில் கணவர் வந்தார். மூன்று மாதம் மகளோடு இருந்தார். இப்போது நஸ்ரின் பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் படிக்கிறாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. மாத்திரை தொடர்கிறது. அவள் குளியலறையில் கொஞ்சம் தாமதித்தால் இன்றும் கதவைத் தட்டிவிடுகிறேன். சென்ற மாதம், "ஒருவேளை நீட் மறுபடி எழுதினாலும் எழுதுவேன்ம்மா, இங்கேருந்தே" என்றாள். என் பழைய ஆசை உடனே எழுந்து உட்கார்ந்துகொண்டது. அன்று மறுபடி இரண்டு ரக்அத் தொழுதேன். "அதில் என் மனம் நிறையச் செய்" என்று கேட்கும் கடைசி வரியை மூன்று முறை சொன்னேன்.

ஒரு முடிவுக்கு முன்னால் திகைத்து நிற்கிறீர்களா? அவனிடம் கேளுங்கள். பிடித்த பாதியோடு நிறுத்தாமல் முழுதாகக் கேளுங்கள். கேட்டபின் பிள்ளையின் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள். பதில் அங்கிருந்தும் வரலாம். ரெட்டிபாளையத்து அம்மாவின் மகளுக்காகவும் துஆ செய்யுங்கள். பெயர் தெரியாது, நான் தினமும் செய்கிறேன்.

போன வாரம் நஸ்ரின் ஆசையாக வளர்த்த பூனை செத்துப்போனது. கொல்லையில் உட்கார்ந்து தெருவுக்கே கேட்கும்படி விம்மி விம்மி அழுதாள். என்னவோ ஏதோ என்று மும்தாஜ் அக்கா ஓடி வந்தார். நான் பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டு, அல்ஹம்துலில்லாஹ், எல்லாப் புகழும் அவனுக்கே, அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.