அப்பன் வரும்வரை காத்திருந்த சோறு

செவ்வாய்க்கிழமை காலை. கோவிலில் விளக்குப் போட்டுவிட்டு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது கைப்பேசி சத்தம் போட்டது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு. "திருத்துறைப்பூண்டி குழந்தைகள் டாக்டர் மைமூன் அம்மா காலமானார். ஏழைகளின் தெய்வம். மென்மையே உருவானவர். ஆழ்ந்த இரங்கல்." கீழே கூப்பிய கைகள், அழும் முகங்கள், இப்படியும் அப்படியும் ஆடும் ஒரு ரோஜாப்பூ. அனுப்பியவர் என் பெரியப்பா மகன் சபாபதி அண்ணன்.

செருப்பை விட்டுவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது எரிச்சல். மென்மையாம்! அந்த அம்மாளின் பெஞ்சில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த தாய்மார்கள் நீங்கள், உங்களுக்குத் தெரியாதா அவர் வாய்? ஊரெல்லாம் 'முருங்கைக்கீரை டாக்டர்' என்று நக்கலாகப் பேர் வைத்துச் சிரித்தவர் இதே சபாபதி அண்ணன்தான். செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்லமாட்டார் என்ற தைரியத்தில் இப்போது தெய்வம் என்கிறார். டாக்டரம்மா பதில் சொல்லமாட்டார். நான் சொல்வேன்.

நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவள். பேசத் தெரிந்த அளவுக்கு எழுதத் தெரியாது. நீங்கள் எல்லோரும் சேர்ந்து அவருக்காகப் போடும் நினைவு மலரில் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

என் தம்பி மகன் கார்த்தியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அவன் பிறந்தபோது உடனே அழவில்லை. உடம்பு நீலம் பூத்துக் கிடந்தது. தம்பி அப்போது துபாய்க்குப் போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அப்பா இல்லாத வீடு என்பதால் சபாபதி அண்ணன்தான் எங்களுக்குப் பெரியவர். அவர் அங்கேயே, பிரசவ வார்டு வாசலிலேயே, ஒரு வேண்டுதல் வைத்தார். பிள்ளை பிழைத்தால் அவன் வாயில் படும் முதல் சோறு முருகன் சன்னதியில், அப்பன் மடியில்தான் என்று. முருகன் தன் பங்கைச் செய்துவிட்டான். பிள்ளை பிழைத்தான். அப்பன்தான் வரவில்லை. முதல் வருடம் கம்பெனி லீவு தரவில்லை. அடுத்த வருடம் கம்பெனியே மாறிப்போனது. பிறகு விசாவில் ஏதோ தகராறு. சோறூட்டு தள்ளிக்கொண்டே போனது.

அப்பனுக்குப் பதிலாக வந்தவை பால் பவுடர் டப்பாக்கள். ஊரிலிருந்து போய்வருகிற ஒவ்வொருவர் கையிலும் தம்பி கொடுத்தனுப்புவான். இது போதாதென்று சபாபதி அண்ணனிடமும் ஒரு பவுடர் இருந்தது. நம் ஊருக்குப் புதுசு புதுசாகக் கம்பெனிகள் வந்து இறங்கிய காலம் அல்லவா? அவர் விவசாயத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஒரு சத்து பவுடர் கம்பெனிக்கு ஏஜெண்ட் ஆகியிருந்தார். சித்திரை வெயிலில் டை கட்டிக்கொண்டு மொபெட்டில் போவார். அறுப்புக் களத்தில் நிற்கும் பெண்களிடம் போய், "மூளையைத் திறக்கும்மா, மூளையைத் திறக்கும்" என்பார். திறந்து காட்ட அவரிடம் ஒன்றும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பால், பாலில் பவுடர், பாலில் நனைத்த பிஸ்கட். பிஸ்கட் சோறு இல்லையாம், அதனால் வேண்டுதலுக்குப் பங்கமில்லையாம்! பிள்ளை கொழுகொழுவென்று இருந்தான். வெள்ளை வெளேரென்று இருந்தான். வந்தவர்கள் எல்லாம், "துபாய் பாலு, நெறம் எப்படி அடிக்குது பாரு" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். இரண்டு வயது தாண்டியும் நிற்கவில்லை, பேச்சு இல்லை. உட்கார வைத்தால் உட்கார்ந்த இடத்தில் மண்ணை அள்ளித் தின்பான். சுவரில் சுண்ணாம்புக் காரையைச் சுரண்டித் தின்பான். அதற்கும் எங்கள் வீட்டில் ஒரு பெருமை. "கண்ணன் தின்னலையா? தெய்வக் குழந்தைடா இது" என்பார் சபாபதி அண்ணன். நான் நாள் தவறாமல் கோவிலுக்குப் போகிறவள். சாமி பேரைச் சொல்லிச் சோம்பேறித்தனத்தை மூடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் குமட்டும்.

தம்பி பெண்டாட்டி கல்யாணி ஒருநாள் என் வீட்டுக் கொல்லைப்பக்கம் வந்து, "அண்ணி, அவன் இன்னிக்குக் கழுத்தையே நிமிர்த்தலை. எனக்குப் பயமா இருக்கு" என்றாள். யாரிடமும் சொல்லாமல் திருத்துறைப்பூண்டிக்குப் பஸ் ஏறினோம்.

டாக்டரம்மாவின் முதல் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதானே? "நேத்து காலைலேருந்து என்னென்ன சாப்பிட்டான்?" நான் வாயைத் திறந்தேன். "நீ இல்ல. பெத்தவ சொல்லட்டும்."

"பால், டாக்டர்" என்றாள் கல்யாணி.

"அப்புறம்?"

"பால்ல பவுடர்."

"கன்னுக்குட்டிகூட இத்தனை நாள்ல வைக்கோல் கடிச்சிருக்குமேம்மா. சோறு எங்கே?"

கல்யாணி தலையைக் குனிந்துகொண்டாள். வேண்டுதலைப் பற்றி நான் சொன்னேன். கொஞ்சம் நீளமாகவே சொன்னேன். டாக்டரம்மா பிள்ளையின் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்து எங்களைப் பார்க்கச் சொன்னார். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டிய இடம் அரிசிமாவு மாதிரி இருந்தது. "நெறமா இருக்கான்னு கொஞ்சினீங்களே, இதுதான் அந்த நெறம். ரத்தத்துல இரும்பு இல்ல. உடம்புக்கு இரும்பு பத்தலைன்னா பிள்ளை மண்ணுக்கும் சுண்ணாம்புக்கும் வாயை வைக்கும்." கண்ணன் கதையையும் நான் சொல்லித் தொலைத்தேன். "கண்ணன் வாயில உலகம் தெரிஞ்சுது. இவன் வாயில வெளுத்த நாக்குதான் தெரியுது. இதைப் பாத்துட்டுமா கன்னத்தில போட்டுக்கிட்டீங்க?"

பிறகு அவர் கேட்டதை நான் இன்றுவரை கோவிலில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "ஏம்மா, உங்க சுவாமிமலைச் சாமி அப்பனுக்கே பாடம் சொன்னவர்தானே? அப்பன் வந்தாத்தான் பிள்ளைக்குச் சோறுன்னு அவர் எப்படிச் சொல்வாரு?"

அவர் தன் மதியச் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்தார். சோறு, பாசிப்பருப்பு, முருங்கைக்கீரை. "அப்பன் மடிதான் இல்ல. அத்தை மடி இருக்குல்ல? உக்காரு. நீ ஊட்டு" என்று கல்யாணியிடம் கிண்ணத்தை நீட்டினார். மருந்து வாடை அடிக்கும் அந்த அறையில், மனசுக்குள் கந்தனைக் கூப்பிட்டுக்கொண்டு பிள்ளையை மடியில் வைத்தேன். முதல் வாயை நாக்கால் தள்ளினான். இரண்டாவதை விழுங்கினான். மூன்றாவதற்குக் கையை நீட்டினான். கல்யாணி அழுதாள். டாக்டரம்மா, "அழுறதை அப்புறம் வச்சுக்க, வாய் காயுது பாரு" என்று அதட்டினார்.

இரும்புச் சொட்டு மருந்து கொடுத்தார். பாலோடு கலக்காதே, எலுமிச்சைச் சாற்றோடு கொடு, பாலைக் குறை, வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடு, கேழ்வரகுக் கூழ் கொடு, முட்டை கொடு என்றார். வெள்ளி செவ்வாய் முட்டை ஆகாது என்றேன். "அன்னிக்குப் பச்சைப்பயறு குடு. மீதி நாள்ல சாக்குச் சொல்லாதே." அண்ணாமலையாருக்கு விரதம் இருப்பதுபோல் அதைக் கடைப்பிடித்தோம்.

வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? "நஞ்சைக்காரன் வீட்டுப் பிள்ளைக்குக் கேவுரா? மொதச் சோறு பாய் வீட்டுச் சோறா?" என்று சபாபதி அண்ணன் குதித்தார். நெல் விளைகிற ஊரில் பிறந்துவிட்டோம் என்பதற்காக மற்ற தானியமெல்லாம் நம் காலடியில் கிடப்பதாக நினைப்பு. அந்த நினைப்பைத் தின்றுதான் எத்தனை பிள்ளைகள் வெளுத்தனவோ. அந்த வாரமே பிள்ளை கறுப்பாக மலம் போனான். இரும்பு மருந்து கொடுத்தால் அப்படித்தான் போகும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். நான் சொன்னேன், யார் கேட்டார்கள்? "ரத்தம் செத்துப் போகுது. சாமி குத்தம்" என்று அண்ணன் தீர்ப்பே எழுதிவிட்டார். கல்யாணியைப் பட்டுக்கோட்டைக்குத் தாய் வீட்டுக்கே அனுப்பிவிடுவது என்றும், பிள்ளை இங்கேயே பாலோடு இருக்கட்டும் என்றும், தம்பியிடம் ஒரு வார்த்தை வாங்கினால் போதும் என்றும் முடிவானது.

வெள்ளிக்கிழமை துபாயில் விடுமுறை. சபாபதி அண்ணன் வீட்டுப் போனுக்குத் தம்பி கூப்பிடுவான். எல்லோரும் கூடியிருந்தோம். கல்யாணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படி ஓரம் நின்றாள். அண்ணன் போனில், "உன் பொண்டாட்டி வேண்டுதலை முறிச்சுட்டாடா. பிள்ளைக்கு ரத்தமா போகுது. அவளை அனுப்பிடுறோம், நீ சரின்னு சொல்லு" என்றார்.

நான் போனைப் பறித்துக்கொண்டேன். கறுப்பு மலம், இரும்பு மருந்து, கண்ணிமை, முருகன், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"அக்கா, மூச்சு விடு" என்றான் தம்பி. "ஒண்ணே ஒண்ணு சொல்லு. சோத்தைத் துப்பினானா, முழுங்கினானா?"

"முழுங்கினான்டா. இன்னும் குடுன்னு கையை நீட்டினான்."

"கல்யாணிகிட்ட குடு" என்றான். அவளிடம் என்ன சொன்னான் என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், இன்றுவரை சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு, புகுந்த வீட்டில் அதுவரை குரல் உயர்த்தாத பெண் சொன்னாள்: "மாமா, நான் எங்கேயும் போகலை. அவர் இனிமே டப்பா அனுப்ப மாட்டாராம்."

அண்ணன் டையைச் சரிசெய்துகொண்டார். அன்றைக்கு அவரால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

டாக்டரம்மா பொய் சொல்லி ஆறுதல் தந்தவர் இல்லை என்பதையும் எழுதியாக வேண்டும். "ஆறு மாசத்துல எல்லாப் பிள்ளை மாதிரி ஆயிடுவானா?" என்று கேட்டேன். "ஆக மாட்டான்" என்றார் முகத்துக்கு நேராக. "பொறக்கும்போது மூச்சு முட்டினதால வந்த தாமதம் ஒண்ணு. சத்து இல்லாததால வந்தது இன்னொண்ணு. ரெண்டும் சேர்ந்து இவனை அமுக்குது. மொதல்லதை என்னால அழிக்க முடியாது. ரெண்டாவதை நான் இருக்க விடமாட்டேன். சோறு மருந்து இல்லம்மா. ஆனா சோறு இல்லாத உடம்புல எந்தப் பயிற்சியும் ஏறாது." கால்களுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். வண்டியில் வரும் கல்லுப்பை விட்டுவிட்டு அயோடின் சேர்த்த பாக்கெட் உப்பு வாங்கச் சொன்னார். தைராய்டுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார். "நீ பேசறதைக் கொஞ்சம் நிறுத்தினா அவனுக்குப் பேச எடம் கெடைக்கும்" என்று எனக்கும் ஒரு மருந்து எழுதினார். அதை மட்டும் நான் சாப்பிடவில்லை.

மாதங்கள் போகப் போக மண் தின்பது நின்றது. உதட்டில் நிறம் வந்தது. சுவரைப் பிடித்து நின்றான். குறுவை நாற்று விட்ட சமயம், சுவரையும் விட்டுவிட்டுக் கல்யாணியிடம் நடந்தான். வலது கால் இழுக்கும். இன்றும் இழுக்கிறது. படிப்பு ஏறவில்லை. பேச்சு திக்கித் திக்கித்தான் வரும். ஆனால் தன் சோற்றைத் தானே பிசைந்து சாப்பிடுவான், கடைக்குப் போய் வருவான்.

அண்ணனின் பவுடர் ஆசை அதோடு ஓயவில்லை. ஒருநாள் பவுடர் பெட்டியோடு டாக்டரம்மாவிடமே போய்விட்டார். நான் பெஞ்சில் இருந்தேன்.

"இது யாருக்கு?" என்றார் டாக்டரம்மா.

"மூளை வளர்ச்சி கம்மியான பிள்ளைங்களுக்கு, டாக்டர்."

"நீங்க சாப்பிட்டுப் பாத்தீங்களா?"

"தெனமும் சாப்பிடறேனே!"

"அப்ப வேலை செய்யலைன்னு தெரியுது. எடுத்துட்டுப் போங்க."

பெஞ்சே குலுங்கியது. இவர்தான் மென்மையே உருவானவர்.

அடக்கத்தன்று நான் அவர் வீட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். அவர் உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கியபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆண்கள் கூட்டத்தின் பின்னால் கார்த்தி காலை இழுத்து இழுத்துப் போய்க்கொண்டிருந்தான். வெயிலுக்கு யாரோ ஆட்டோவில் ஏறச் சொன்னார்கள். "ந... நடப்பேன்" என்றான். சபாபதி அண்ணன் காரில், கண்ணாடியை ஏற்றிவிட்டு வந்தார்.

நல்லவர், தங்கமானவர் என்று இந்த மலரில் மற்றவர்கள் எழுதிக்கொள்ளட்டும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவருடைய சிடுசிடுப்பை. பெற்றவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு ஈஸிசேரில் சாய்ந்துகொள்பவர்களைக் கண்டால் அவருக்கு வந்த அந்த அலட்சியத்தை. வெள்ளிக்கிழமை அபிஷேகம் முடிந்ததும் கோவிலில் யாராவது ஒரு பெண், மடியில் துவண்ட பிள்ளையோடு என் பக்கத்தில் வந்து உட்காருவாள். எந்தச் சாமிக்கு என்ன நேர்ந்துகொண்டால் பிள்ளை நிற்பான் என்று கேட்பாள். நான் நிறையக் கோவில் போகிறவள் அல்லவா, அதனால் கேட்கிறாள். பக்கத்தில் மாமியாரோ மச்சாண்டாரோ நின்றால் இன்னும் சத்தமாகவே சொல்கிறேன்:

"சாமியை நான் பாத்துக்கறேன். நீ பஸ் ஏறு."